எண்பதாம் நாள்

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
இங்கிருந்து மேலே வெறுங்கால்தான்.

நான் மெக்கெல்லேயில்
சிமெண்ட் ஆலைச் சோதனைக்கூடத்தில் இருப்பவன்.
கையகலக் கட்டிகளை இயந்திரத்தின் தாடைக்குள் வைத்து
நொறுங்கும்வரை அழுத்துவேன்.
நொறுங்கிய கணத்தின் எண்ணை
நோட்டில் எழுதுவேன்.
எட்டு வருடமாக இதுதான் ஜீவனம்.
நொறுங்காத கட்டி ஒன்றை
இதுவரை கண்டதில்லை.

ஆகவே அந்தப் பாறையை அண்ணாந்ததும்
எனக்குத் தெரிந்துவிட்டது:
மணற்கல். பொரபொரத்த சிவப்பு.
மழை விட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை.
உச்சியில், கழுகுகள் வட்டம் திரும்பும் இடத்தில்,
குடைந்தெடுத்த ஒரு தேவாலயம்.
மகளுக்கு அங்கேதான் ஞானஸ்நானம் என்று
லெட்டேபிரான் நேர்ந்துகொண்டிருந்தாள்.
ஊருக்குள் தேவாலயமே இல்லையா என்றேன்.
இருக்கிறது என்றாள்.
அவ்வளவுதான் பதில்.

எண்பது நாள் குழந்தையை முதுகில் இட்டு
வெள்ளைத் துணியால் இரண்டு சுற்று.
முடிச்சை இழுத்துப் பார்க்கவில்லை அவள்.
நான் இழுத்துப் பார்த்தேன்,
இரண்டு முறை.

ஏறினாள்.
விரலுக்கு ஒரு குழி, பாதத்துக்கு ஒரு குழி,
யார் யாருடைய பாதங்களோ தேய்த்துத் தேய்த்துக்
கிண்ணம்போல் ஆன குழிகள்.
துணிக்கு வெளியே ஒரு சின்ன உள்ளங்கால்
தொங்கிக்கொண்டிருந்தது,
கீழே இருநூறு அடிக் காற்றை
லேசாக உதைத்தபடி.
தூக்கத்தில்தான்.

எனக்குப் பாதி வழியில் எல்லாம் நின்றது.
வலது கால் குழியைத் தேடுகிறது.
குழி இல்லை.
சங்கீதம் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.
எண்கள்தான் வந்தன:
என் எடை எழுபத்தொன்று,
விரல்நுனி தாங்குவது எவ்வளவு,
எத்தனை நிமிடத்துக்கு.

கீழிருந்து ஒரு கை
என் கணுக்காலைப் பிடித்தது.
ஆடு மேய்க்கும் பையன், கிஃப்லோம்.
பத்து வயது இருந்தால் அதிகம்.
பூட்டில் சாவியை வைப்பதுபோல்
என் பாதத்தை எடுத்துக் குழியில் வைத்து
“இங்கே” என்றான்.
அடுத்த காலையும் எடுத்து, “இங்கே.”
தாடியில் நரை விழுந்த நான்
அவனிடம் நடை பழகினேன்.

உள்ளே கூரையெங்கும்
இமைக்காத அகலக் கண்களுடன் பரிசுத்தவான்கள்.
தண்ணீர் பட்டதும் மகள் வீறிட்டாள்.
பெண்கள் குலவையிட்டார்கள்.
வெலெத்த மரியம் என்று பெயர் விழுந்தது,
மரியாளின் மகள்.
குருவானவர் கையைத் துடைத்துக்கொண்டு
மழை எப்படி அந்தப் பக்கம் என்று கேட்டார்.

இறங்கும்போது லெட்டேபிரான் சொன்னாள்:
தோள் மரத்துவிட்டது, நீ வாங்கிக்கொள்.
தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவதுபோல் சொன்னாள்.
என் முழங்காலைப் பார் என்றேன்.
அதற்குள் கட்டி முடித்திருந்தாள்.

அழுவாள் என்று காத்திருந்தேன்.
தோள்பட்டைகளுக்கு நடுவே
கன்னத்தை ஒட்டிவைத்தாள்.
எச்சில் ஈரம் ஒன்று சட்டையில் பரவியது.
பிறகு மூச்சு சீரானது.

என் மேல்!
எந்த நோட்டிலும் எண் எழுதப்படாத
இந்த முதுகின் மேல்.
நடுங்குகிறேன் என்று தெரியாமல் இருக்காது.
அவள் காதே என் இதயத்தின் மேல்தான் இருந்தது.
தெரிந்தும் தூங்கினாளோ,
அல்லது அந்தப் படபடப்பையே
தாலாட்டு என்று எடுத்துக்கொண்டாளோ.

அப்போது ஒரு ஜெபம் வந்தது.
புத்தகத்தில் உள்ளது அல்ல.
ஆண்டவரே, எனக்கும் இரண்டு சுற்று.
முடிச்சை நான் இழுத்துப் பார்ப்பேன்,
கோபித்துக்கொள்ளாதேயும்.

கீழிருந்து கிஃப்லோம் “இங்கே” என்றான்.
வைத்தேன்.

தரைக்கு வந்து செருப்பைத் தேடினால்
ஆட்டுக்குட்டி ஒன்று
இடது வாரைச் சப்பிக்கொண்டிருந்தது.
விரட்டக் கை தூக்கினேன்,
முதுகில் அவள் அசைந்தாள்.
சப்பட்டும் என்று
நின்றுகொண்டிருந்தேன்.